எக்ஸ்பெக்ட்டா... ஹோப்பா? ஒரே அர்த்தம்னு நினைச்சு நாம் மாற்றிப் போடும் ஆங்கில வார்த்தைகள்: எதை எங்கே பயன்படுத்தணும்?

வேலைக்கு ஒரு மெயில் அனுப்புறீங்க. எல்லாம் சரியா எழுதியாச்சு. கடைசி வரியில் 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று முடிக்க வேண்டும். தமிழில் இது பணிவான வரி. அதையே அப்படியே ஆங்கிலத்தில் 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதினால்? படிக்கிற ஹெச்.ஆர். அதிகாரிக்கு 'பதில் வந்தே ஆகணும்' என்று மேலதிகாரி உத்தரவு போடுவது போலக் கேட்கும்.

இலக்கணத்தில் தப்பு இல்லை. ஸ்பெல்லிங் தப்பு இல்லை. ஆனாலும் தொனி தப்பு.

ஆங்கிலம் தெரிந்தவர்களையும் தடுமாற வைக்கும் இடம் இதுதான். அகராதியில் பார்த்தால் பல வார்த்தைகளுக்கு ஒரே தமிழ் அர்த்தம்தான் போட்டிருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால், சில நேரம் மரியாதை போகும். சில நேரம் இன்சூரன்ஸ் பணமே போகும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை வார்த்தைகள்?

இதற்குப் பதில் 1066-ம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டுதான் பிரான்ஸின் நார்மண்டி பகுதியிலிருந்து வந்த வில்லியம், இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பிறகு பல தலைமுறைகளுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு செல்வாக்கோடு இருந்தது. சாதாரண மக்கள் வீட்டில் பழைய ஆங்கிலமே பேசினார்கள். தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன்.

இப்படி மூன்று மொழிகளின் சொற்களும் ஒரே மொழிக்குள் தங்கிவிட்டன. அதனால்தான் 'கேள்வி கேட்பது' என்ற ஒரே செயலுக்கு மூன்று வார்த்தைகள். 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல், வீட்டுப் பேச்சு. 'க்வெஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் கறாரானது. 'இன்டராகேட்' லத்தீனிலிருந்து வந்தது, போலீஸ் விசாரணை. 'அம்மா என்னை இன்டராகேட் பண்ணாங்க' என்று ஒருவர் சொன்னால், அது கிண்டல் அல்லது புகார்.

இதிலிருந்து ஒரு பொதுவான குறிப்பு கிடைக்கிறது. பெரும்பாலும் சின்னச் சின்ன வார்த்தைகள் நெருக்கமானவை. நீளமான வார்த்தைகள் அலுவலகத்துக்குரியவை. 'ஸ்டார்ட்', 'கமென்ஸ்' இரண்டுக்கும் 'தொடங்கு' என்றுதான் அர்த்தம். ஆனால் 'சாப்பாட்டை கமென்ஸ் பண்ணலாமா' என்று யாரும் கேட்பதில்லை.

தமிழில் நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் 'சாப்பிடுங்க' என்போம். 'தின்னுங்க' என்று சொன்னால் என்ன ஆகும்? அர்த்தம் ஒன்றுதான், ஆனால் அடுத்த முறை அவர் வர மாட்டார். ஒரு தலைவர் மறைந்தால் செய்தியில் 'காலமானார்' என்று வரும். 'செத்துட்டார்' என்று வராது.

தொல்காப்பியமே இதைப் பேசியிருக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கான சொற்கள்தான். ஆனால் கேட்பவர் தாழ்ந்த நிலையில் இருந்தால் 'ஈ', சமமானவர் என்றால் 'தா', உயர்ந்தவர் என்றால் 'கொடு' என்று அது பிரித்துச் சொல்கிறது. அதாவது, யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறும். நாம் ஆங்கிலத்தில் செய்ய வேண்டியதும் இதே வேலைதான்.

மெயில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

எதிர்பார்ப்பது: இதற்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. 'எக்ஸ்பெக்ட்' என்றால், நடக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது, அல்லது நடந்தாக வேண்டும். 'ஹோப்' என்றால் நடக்க வேண்டும் என்ற ஆசை. 'வெயிட்' என்றால் காத்திருப்பது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்றால் மகிழ்ச்சியோடு எதிர்நோக்குவது. எளிய உதாரணம்: மழையை வானிலை ஆய்வு மையம் எக்ஸ்பெக்ட் பண்ணும், விவசாயி ஹோப் பண்ணுவார். மெயிலை முடிக்க 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' பாதுகாப்பான வரி.

கேட்பது: 'ஆஸ்க்' பொதுவானது. 'ரெக்வெஸ்ட்' பணிவானது. 'டிமாண்ட்' அதட்டலானது; மறுக்கும் உரிமையை எதிராளிக்குத் தராத சொல். சம்பள உயர்வு கேட்கும் மெயிலில் 'ஐ டிமாண்ட்' என்று எழுதினால், அது கோரிக்கை அல்ல, போராட்ட அறிவிப்பு. மேனேஜருக்கு 'ரெக்வெஸ்ட்' போதும். தகவல் மட்டும் தெரிய வேண்டும் என்றால் 'என்கொயர்'.

சந்தேகம்: வகுப்பில் 'சார், ஐ ஹேவ் எ டவுட்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் இது எல்லோருக்கும் புரியும். ஆனால் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் நம்பிக்கையின்மை. வெளிநாட்டு க்ளையண்ட் ஒருவர் திட்டத்தை விளக்கி முடித்ததும் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொன்னால், 'நீங்க சொல்றதை நான் நம்பலை' என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'ஐ ஹேவ் எ க்வெஸ்டின்' என்றால் சிக்கலே இல்லை.

மரணம்: 'ஹிஸ் ஃபாதர் எக்ஸ்பயர்ட்' என்று லீவ் லெட்டரில் நாம் எழுதுவது சகஜம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் மருந்து, பால் பாக்கெட், பாஸ்போர்ட் போன்றவைதான் எக்ஸ்பயர் ஆகும். மனிதர்களுக்கு 'பாஸ்ட் அவே' என்பது கனிவான சொல். 'டைட்' என்பது நேரடியான சொல், செய்திக்குப் பொருந்தும்.

தினமும் தடுமாற வைக்கும் ஜோடிகள்

• சே, டெல்: இரண்டும் 'சொல்'தான். ஆனால் 'டெல்' வந்தால் பொதுவாக யாரிடம் என்பது உடனே ஒட்டி வர வேண்டும்: 'ஹி டோல்ட் மி'. 'சே' அப்படி ஒட்டாது: 'ஹி செட் டு மி'. 'ஹி செட் மி' என்பது தவறு.

• ஸ்பீக், டாக்: 'டாக்' அரட்டை மாதிரி, இரு பக்கமும் பேசுவது. 'ஸ்பீக்' சற்று முறையானது. மேடைப் பேச்சுக்கும் மொழிக்கும் இதுதான். 'ஐ ஸ்பீக் டமில்' என்போம். 'ஐ டாக் டமில்' என்பது பொருந்தாது.

• சீ, லுக், வாட்ச்: கண்ணில் தானாகப் படுவது 'சீ'. திரும்பிக் கவனிப்பது 'லுக்'. நகர்கிற ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது 'வாட்ச்'. அதனால்தான் கிரிக்கெட்டை வாட்ச் பண்ணுகிறோம். டாக்டரை மட்டும் 'சீ' பண்ண வேண்டும். டாக்டரை 'வாட்ச்' பண்ணினால் அது உளவு வேலை.

• ஹியர், லிசன்: தமிழ் இதை வார்த்தையால் பிரிக்காமல் இலக்கணத்தால் பிரிக்கும். 'சத்தம் கேட்டது' என்றால் ஹியர். 'பாட்டு கேட்டேன்' என்றால் லிசன்.

• ரீட், ஸ்டடி, லேர்ன்: 'படிச்சேன்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்றும் அடக்கம். பேப்பர் படிப்பது ரீட். பரீட்சைக்குப் படிப்பது ஸ்டடி. மண்டையில் ஏறுவது லேர்ன். ராத்திரி முழுக்க ஸ்டடி பண்ணியும் எதுவும் லேர்ன் பண்ணாமல் போன அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும்.

• பாரோ, லெண்ட்: கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். 'கேன் யூ பாரோ மி யுவர் பென்' என்று கேட்பது தவறு. 'கேன் ஐ பாரோ யுவர் பென்' அல்லது 'கேன் யூ லெண்ட் மி யுவர் பென்' என்று கேட்க வேண்டும்.

பாராட்டா, திட்டா?

சில வார்த்தைகள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லும். ஆனால் ஒன்று சிரித்த முகத்தோடு சொல்லும், இன்னொன்று முகத்தைச் சுளித்துச் சொல்லும்.

ஒருவர் ஒல்லியாக இருக்கிறார். 'ஸ்லிம்' என்றால் பாராட்டு. 'தின்' என்றால் நடுநிலை. 'ஸ்கின்னி' என்றால் எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்ற தொனி.

ஒரு சட்டை விலை குறைவு. 'இன்எக்ஸ்பென்சிவ்', 'அஃபோர்டபிள்' என்றால் கையைக் கடிக்காத விலை. 'சீப்' என்றால் விலையோடு தரமும் குறைவு என்ற வாசனை அடிக்கும். நண்பர் வாங்கித் தந்த பரிசைப் பார்த்து 'வெரி சீப்' என்று சொல்லிவிடாதீர்கள்.

'ஃபேமஸ்' என்றால் நல்லதற்குப் பெயர் பெற்றவர். 'நொட்டோரியஸ்' என்றால் கெட்டதற்குப் பெயர் பெற்றவர். 'அவர் நொட்டோரியஸ் சிங்கர்' என்று பெருமையாக அறிமுகம் செய்தால் மேடையில் இருப்பவர் நெளிவார்.

அதேபோல 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை மனசு. 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம். 'கான்ஃபிடன்ட்' என்றால் தன்னம்பிக்கை. 'அரகன்ட்' என்றால் திமிர். இன்டர்வியூவில் உங்களைப் பற்றி நீங்களே சொல்லும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

டாக்டரிடம் சொல்லும்போது...

'மயக்கமா இருக்கு', 'மயங்கி விழுந்துட்டார்' இரண்டிலும் தமிழில் 'மயக்கம்' இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது 'டிஸ்ஸி', அதாவது தலைசுற்றல். இரண்டாவது 'ஃபெயின்டட்', அதாவது நினைவு தப்பியது. வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ மருத்துவரிடம் பேசும்போது இவற்றை மாற்றிச் சொன்னால், அவர் கேட்கும் கேள்விகளும் எழுதும் பரிசோதனைகளும் மாறக்கூடும்.

வலிக்கும் இதே கதைதான். 'ஏக்' என்றால் விடாமல் இருக்கும் மந்தமான வலி: தலைவலி, பல்வலி மாதிரி. 'க்ராம்ப்' என்றால் தசைப்பிடிப்பு. 'பெயின்' எல்லாவற்றுக்கும் பொது. சரியான வார்த்தை தெரியாவிட்டால் பதற வேண்டாம். 'பெயின்' என்று சொல்லி, எங்கே, எப்போதிலிருந்து, எப்படி வலிக்கிறது என்று விவரித்தாலே போதும்.

செய்தி பார்க்கும்போது குழப்பும் வார்த்தைகள்

'அமைச்சர் மறுத்தார்' என்று ஒரு வரி வருகிறது. ஆங்கிலத்தில் இது இரண்டு விதம். குற்றச்சாட்டு உண்மை இல்லை என்று சொன்னால் 'டினைட்'. பதில் சொல்ல மாட்டேன் என்று நகர்ந்தால் 'ரிஃப்யூஸ்ட்'. முதலாவதில் அவர் பேசியிருக்கிறார், இரண்டாவதில் பேசவில்லை. ஆங்கிலச் செய்தியைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் தமிழில் பகிரும்போது இந்த இரண்டும் கலந்துவிடும்.

'அக்யூஸ்ட்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 'கன்விக்ட்' என்றால் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தவர். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு வழக்கு விசாரணை இருக்கிறது. கைதானவரை உடனே 'குற்றவாளி' என்று பதிவு போடுவது தவறு, அநியாயமும் கூட.

திருட்டு, கொள்ளை விஷயத்தில் சட்டமே வார்த்தைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின்படி:

• தெஃப்ட்: உரிமையாளரின் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை எடுப்பது. பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறை.

• ராபரி: திருடும்போது காயப்படுத்துவது, அடைத்து வைப்பது, உடனே தாக்கப்படுவோம் என்ற பயத்தை உண்டாக்குவது. 10 ஆண்டுகள் வரை கடுங்காவல்.

• டெகாய்டி: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ராபரி செய்வது. ஆயுள் தண்டனை வரை போகலாம். இந்த வார்த்தை இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

நம்ம பேச்சில் எல்லாமே 'கொள்ளை அடிச்சுட்டாங்க'தான். ஆனால் எஃப்.ஐ.ஆரில் எந்த வார்த்தை, எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து வழக்கே மாறும்.

ஒரு வார்த்தையால் போன இன்சூரன்ஸ் பணம்

இது கற்பனை இல்லை. வணிகர் ஒருவரின் சரக்கு திருடுபோனது. அவரிடம் இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது. ஆனால் அந்தப் பாலிசி 'பர்க்ளரி'க்கு மட்டும் பொருந்தும். பர்க்ளரி என்றால், பலவந்தமாக உள்ளே நுழைந்து திருடுவது என்று பாலிசியிலேயே விளக்கம் இருந்தது. பலவந்தமாக நுழைந்ததாகக் காட்ட முடியாததால் நிறுவனம் பணம் தர மறுத்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-ல் வந்த தீர்ப்பு நிறுவனத்துக்கே சாதகமாக அமைந்தது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஒப்பந்தம். பலவந்தம் இல்லாத திருட்டு அதற்குள் வராது என்றது நீதிமன்றம். 'தெஃப்ட்', 'பர்க்ளரி' இரண்டுமே திருட்டுதானே என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதனால் கடைக்கோ வீட்டுக்கோ பாலிசி எடுக்கும்போது 'திருட்டுக்கு கவர் ஆகுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'பூட்டை உடைக்காமல் திருடினாலும் கவர் ஆகுமா' என்று கேளுங்கள்.

கையெழுத்து போடும் முன்...

ரெண்ட், லீஸ்: தமிழ்நாட்டில் 'வீடு லீஸுக்கு' என்று போர்டு இருந்தால் பெரும்பாலும் ஒத்தி என்று அர்த்தம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. ஆனால் பொது ஆங்கிலத்தில் 'லீஸ்' என்றால் குறிப்பிட்ட காலத்துக்கான குத்தகை ஒப்பந்தம். அதில் மாதாமாதம் கொடுக்கும் பணம் 'ரெண்ட்'. வெளிநாட்டில் 'லீஸ்' என்று பார்த்ததும் வாடகை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

கோ-பாரோயர், கியாரண்டர்: இரண்டு பேரையும் 'லோனுக்குக் கையெழுத்து போட்டவர்' என்போம். கோ-பாரோயர் என்றால் நீங்களும் கடன் வாங்கியவர். கியாரண்டர் என்றால், வாங்கியவர் கட்டாவிட்டால் கட்டுவதாக உறுதி தந்தவர். 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்று நண்பர் சொல்லலாம். ஆனால் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, கியாரண்டரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு இணையானது.

சரியான வார்த்தையை எப்படித் தேர்வு செய்வது?

நான்கு கேள்விகள் போதும்.

1. யாரிடம் பேசுகிறேன்? நண்பரா, மேலதிகாரியா, அரசு அலுவலகமா? 'ஹெல்ப்' நண்பருக்கு, 'அசிஸ்டன்ஸ்' அலுவலகக் கடிதத்துக்கு.

2. நல்ல தொனியா, கெட்ட தொனியா? இந்த வார்த்தையை யாராவது என்னைப் பார்த்துச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

3. பக்கத்தில் எந்த வார்த்தை வருகிறது? 'ஸ்ட்ராங் காபி' என்பார்கள், 'பவர்ஃபுல் காபி' என்பதில்லை. 'ஹெவி ரெய்ன்' சரி, 'ஸ்ட்ராங் ரெய்ன்' பழக்கத்தில் இல்லை. இதற்கு விதி கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

4. மாற்றினால் பணமோ சட்டமோ மாறுமா? மாறும் என்றால் ஊகிக்க வேண்டாம். அந்த ஆவணத்திலேயே விளக்கம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தெசாரஸ் பார்த்தால் போதுமா?

ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் புத்தகம்தான் தெசாரஸ். பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொகுத்த பிரபலமான தெசாரஸ் 1852-ல் வெளியானது. நாக்கு நுனியில் நிற்கும் வார்த்தையை நினைவுபடுத்த அது அருமையான கருவி. ஆனால் வார்த்தைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை அது விளக்காது. தெசாரஸில் பார்த்து, தெரியாத பெரிய வார்த்தையை எடுத்து மெயிலில் ஒட்டுவதுதான் ஆபத்து.

அதைவிட, ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே எழுதப்பட்ட அகராதிகள் நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அர்த்தத்தோடு நிறுத்தாமல் கீழே உள்ள உதாரண வாக்கியங்களையும் படியுங்கள். 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்', 'டிஸ்அப்ரூவிங்' என்ற சின்னக் குறிப்புகளைக் கவனியுங்கள். வார்த்தையின் தொனி அங்கேதான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு ஆப் பயன்படுத்தினால், வந்த ஆங்கில வரியைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். முதலில் எழுதியதும் திரும்பி வந்ததும் ஒன்றாக இருந்தாலும், தொனியை மட்டும் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

எளிய வார்த்தையையே எடுங்கள். 'கமென்ஸ்' தடுமாற்றம் தந்தால் 'ஸ்டார்ட்' போடுங்கள். நிறைய வார்த்தைகள் தெரிவதை விட, தெரிந்ததை இடம் பார்த்து வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். விருந்தாளியிடம் 'தின்னுங்க' என்று சொல்லக் கூடாது என்பதை நமக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. வீட்டில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கற்றோம். ஆங்கிலத்துக்கும் அதே காதுதான் வேண்டும்.

அடுத்த மெயிலை அனுப்பும் முன் கடைசி வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அது 'தா' என்று கேட்கிறதா, 'கொடு' என்று கேட்கிறதா?